பெயர் கிடைக்காத ஒரு மணி நேரம்

அந்தக் கிளினிக் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே ஒரு தையல் கடையும், சிம் கார்டு விற்கும் கடையும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்கள் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்ள வருவார்கள். நான் அங்கே போனது தொலைபேசிக்காக. நிறுவனங்களுக்குத் தொலைபேசி சர்வர்களை அமைத்துக் கொடுப்பது என் வேலை. முதலாளியையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான்.

இப்போதெல்லாம் அலுவலகத் தொலைபேசி என்பது இணையத்தில் ஓடும் ஒரு நிரல். கிளினிக்கின் வரவேற்பு மேசைக்கு அடியில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய பெட்டி இருந்தது. அதுதான் அவர்களுடைய சர்வர். ஆறு மேசைப் போன்களும் அதன் வழியாகத்தான் பேசும். அந்தப் போன்களில் ஒரு பொத்தான் தமிழுக்கு, இன்னொன்று வங்காளத்துக்கு. டாக்டர் பொத்தானை அழுத்தினால் எங்கள் பெட்டி மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றின் சர்வரை இணையம் வழியாக அழைக்கும். அங்கே எந்த மொழிபெயர்ப்பாளர் சும்மா இருக்கிறாரோ அவர் எடுத்து, ஸ்பீக்கரில் நோயாளியோடு பேசுவார்.

இரண்டு சர்வர்களையும் அதுவரை எண்ணை வைத்து இணைத்திருந்தோம். இணையத்தில் அவர்களுடைய முகவரியான ஐபி எண்ணை என் கையாலேயே எங்கள் பெட்டியில் எழுதியிருந்தேன். அவர்கள் தஞ்சோங் பகாரில் இருந்தவரை அதில் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு சாங்கிப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு மாறினார்கள். இடம் மாறினால் எண் மாறும். எண் மாறினால் அவர்களோடு இணைந்திருக்கிற ஒவ்வொரு கிளினிக்கிலும் யாராவது போய்த் திருத்த வேண்டும். அதனால் இனி எண்ணே வேண்டாம், பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சர்வர் அந்தப் பெயரைச் சொல்லி, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்-இடம் கேட்கும். இந்தப் பெயருக்கு வரும் அழைப்புகளை எந்த இயந்திரம் வாங்குகிறது, எந்த வாசல் வழியாக வாங்குகிறது, அது கிடைக்காவிட்டால் அடுத்தது எது என்று அங்கிருந்து பதில் வரும். நாளை அவர்கள் எங்கே போனாலும் அந்தப் பதிலை மட்டும் மாற்றினால் போதும்.

என் பங்குக்கு அரை மணி நேர வேலை. எண்ணை அழித்துவிட்டுப் பெயரை எழுத வேண்டும், ஒரு சோதனை அழைப்புப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு புதன்கிழமை மதியம் என்று முடிவானது. இரண்டு மணிக்குப் பெயரை வெளியிடுகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான் உட்லண்ட்ஸிலிருந்து வருகிறேன். ரயில் சீக்கிரம் கிடைத்ததால் ஒன்றரை மணிக்கே போய்விட்டேன். ஒன்று ஐம்பதுக்குப் பெயரை எழுதி முடித்தாயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒருவேளை முன்னதாகவே வெளியிட்டிருப்பார்களோ என்று லேப்டாப்பிலிருந்து டிஎன்எஸ்-இடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது.

கேட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் எங்கோ தொலைவில் இருப்பவரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக, அந்தக் கட்டடத்தின் ரூட்டர் ஒரு முறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். 'இருக்கிறது' என்ற பதிலை வைத்திருப்பது போலவே 'இல்லை' என்ற பதிலையும் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைப் பெயரின் சொந்தக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். இவர்கள் ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு அந்தப் பெயர் உலகம் முழுவதும் தெரிய ஆரம்பித்தபோது, எங்கள் கட்டடத்துக்கு மட்டும் இரண்டு ஐம்பது வரை அது கிடையாது.

இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பக்காரரை என் கைபேசியில் கூப்பிட்டேன். சென்னையிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர். அடிக்கடி பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை.

"என் பக்கம் நல்லாவே தெரியுதே மேடம். பப்ளிஷ் பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"எனக்கு இல்லைன்னு வருது. டூ ஓ க்ளாக்குக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிட்டேன்."

"அப்ப ஒரு மணி நேரம் ஆகும் மேடம்."

"புது நம்பரைக் குடுங்க, நேரா போட்டுப் பாக்கறேன்."

கொடுத்தார். போட்டேன். பெயர் சொல்லி வராத அழைப்பை அவர்களுடைய புதிய சர்வர் ஏற்கவில்லை. பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருந்தார்கள். வெளியே வேறு சர்வரிடம் பெயரைக் கேட்கலாமென்றால் ரூட்டர் விடவில்லை. ரூட்டரின் பாஸ்வேர்ட் கட்டடத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களின் சொந்த எண்கள் இருக்கின்றனவா என்று சென்னைக்காரரிடம் கேட்டேன். அவரவர் வீட்டிலிருந்து சிஸ்டத்தில் நுழைந்து வேலை பார்க்கிறார்கள், எண்ணெல்லாம் எங்களுக்குக் கொடுப்பதில்லை என்றார். பழைய சர்வரை அன்று மதியமே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மேசைக்கு அடியில் இருந்த என்னைக் குனிந்து பார்த்து, "நீ தமிழ்தானே? உள்ளே ஒருவர் இருக்கிறார். டாக்டருக்குப் புரியவில்லை. கொஞ்சம் வர முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்த நிலைமைக்குக் காரணம் நான்தான் என்பதால் மறுக்கத் தோன்றவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போனேன்.

டாக்டர் சீனர், ஐம்பது வயதிருக்கும். தமிழில் 'வலி', 'எங்கே', 'மூச்சு' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க தம்பி," என்றேன்.

"உக்கார முடியலக்கா."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். தமிழ் கேட்டதும் அவர் வேகமாகப் பேச ஆரம்பித்தார். "நாலு நாளைக்கு முன்னாடி பலகை தூக்கறப்ப இடுப்புல புடிச்சிருச்சுக்கா. மொதல்ல சாதாரணமாத்தான் இருந்துச்சு. மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போனேன். நேத்துலேருந்து ரெண்டு காலும் குடையுது. ராத்திரி விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. பாதம் திகுதிகுன்னு எரியுது, அப்புறம் பாத்தா ஒண்ணுமே தெரியல."

நான் டாக்டரிடம் சொன்னேன். நான்கு நாளுக்கு முன் பலகை தூக்கும்போது இடுப்பில் வலி. இப்போது இரண்டு காலிலும் வலி. இரவிலும் வலி. பாதத்தில் எரிச்சல், ஆனால் அதைப் பற்றி அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"எந்த மாதிரி வலி?" என்றார் டாக்டர்.

குடைவதும் தெறிப்பதும் எனக்குத் தமிழில் வேறு வேறாகத்தான் கேட்டன. ஆங்கிலத்தில் என் வாயில் வந்தது 'பெயின்' என்ற ஒரே சொல். அதன் முன்னால் 'ரொம்ப' என்று சேர்த்துக்கொண்டேன். வீட்டிலும் வேலையிலும் இரண்டு மொழிகளையும் கலந்து பேசியே நாற்பது வயது கடந்துவிட்டது. ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு வந்ததேயில்லை என்பது அந்த அறையில்தான் தெரிந்தது.

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் தட்டினார். இடது காலில் இரண்டு மூன்று முறை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, சிறுநீர் கழிப்பதிலோ மலம் கழிப்பதிலோ பிரச்சினை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கால்களுக்கு நடுவில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னார்.

முதல் கேள்வியை, "பாத்ரூம் போறதுல ஏதாச்சும் பிரச்சினை இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"இல்லக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

இரண்டாவது கேள்வியை அப்படியே கேட்க எனக்கு வாய் வரவில்லை. "தொடைப் பக்கம் மரத்துப்போயிருக்கா?" என்று மாற்றிக் கேட்டேன். அதற்கும் இல்லை என்றார். இரண்டு 'இல்லை'யையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனால் பேனாவை மூடவில்லை.

"உங்கள் லைன் எப்போது வரும்?"

"இரண்டு ஐம்பதுக்கு."

மணி இரண்டரை ஆகியிருந்தது. "அதுவரை இவர் வெளியே இருக்கட்டும். இவரை நான் இன்னும் அனுப்பப் போவதில்லை," என்றார். அடுத்து ஒரு சீனத் தொழிலாளியை உள்ளே கூப்பிட்டார். அவரிடம் டாக்டர் மாண்டரினில் சகஜமாகப் பேசத் தொடங்கியதைக் கேட்டபடியே நாங்கள் வெளியே வந்தோம்.

காத்திருப்பு அறையில் அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"நீங்க நர்ஸாக்கா?"

"இல்ல தம்பி. போன் ரிப்பேர் பண்ண வந்தேன்."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"உட்லண்ட்ஸ்."

"இல்லக்கா, ஊரு."

"இதான் ஊரு. பொறந்ததே இங்கதான்."

அவர் அதை ஒப்புக்கொண்டது போலத் தலையாட்டினார். அவருக்கு அறந்தாங்கிப் பக்கம். வந்து ஐந்து வருடமாகிறது. வீட்டில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். வரவேற்புப் பெண்மணி ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். வெயிலில் வந்தவர், உதடு காய்ந்திருந்தது. வற்புறுத்தியும் வாங்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பெயரைக் கேட்டேன். பதில் வந்தது. முதலில் எந்த இயந்திரம், எந்த வாசல், அது இல்லாவிட்டால் எது என்று மூன்று வரிகள். எங்கள் பெட்டி புதிய சர்வரோடு பேச ஆரம்பித்தது. சீனத் தொழிலாளி வெளியே வந்ததும் நான் டாக்டரின் அறைக்குப் போய்த் தமிழ்ப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு தடவை மணி அடித்தது.

"வணக்கம். இண்டர்பிரட்டர் பதினேழு."

ஆண் குரல். வயதானவராகத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வார்கள்.

"சார், இது டெஸ்ட் கால். என் குரல் தெளிவா கேக்குதா?"

"நல்லா கேக்குது. நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது. இங்க உண்மையாவே ஒரு பேஷண்ட் வெயிட் பண்றார்."

"கூப்பிடுங்க."

அறந்தாங்கிக்காரர் மெதுவாக நடந்து வந்து மறுபடி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பதினேழாம் எண் எதுவும் கேட்பதற்கு முன்னால், "ரூம்ல யார் யாரு இருக்கீங்க?" என்று கேட்டார். டாக்டர், நோயாளி, போன் சரிசெய்ய வந்த நான் என்று சொன்னேன்.

"நீங்க லேடிதானேம்மா? தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்க." அதையே டாக்டரிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். டாக்டர் தலையசைத்தார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தும்போது ஸ்பீக்கரில் அவர் பேசுவது கேட்டது. "தம்பி, நான் போன்லதான் இருக்கேன். உங்க மூஞ்சி எனக்குத் தெரியாது, உங்க பேரும் எனக்கு வேணாம். இப்ப டாக்டர் கேக்கறத அப்படியே கேக்கறேன்."

அழைப்பு எப்படிப் போகிறது என்பதை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. நினைத்தால் பேச்சைக் கேட்கவும் என்னால் முடியும். கேட்கவில்லை. நேரம் மட்டும் ஓடியது. ஒன்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் நேராக வரவேற்பு மேசைக்கு வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

பிறகு என்னிடம் வந்தார். "நேற்று இரவிலிருந்து அவருக்குச் சிறுநீர் போகவில்லை. உட்காரும் இடத்தில் தொட்டால் தெரியவில்லை. முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன என்று நினைக்கிறேன். உண்மையென்றால் உடனே அறுவை செய்ய வேண்டும்."

"நான் கேட்டேன் டாக்டர். இல்லை என்றார்."

"நீங்கள் கேட்டீர்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்." குற்றம் சாட்டும் குரல் இல்லை. எனக்குத் தெரிய வேண்டிய தகவலைச் சொல்வது போலச் சொன்னார்.

லைன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமானது என் தவறு என்று சொன்னேன். எப்படி என்றும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். "அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு கெடுத்தது, கெடுத்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது," என்றார். பிறகு உள்ளே போய்க் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

படிக்கட்டு குறுகலானது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை ஒரு நாற்காலியில் கட்டிச் சாய்த்து, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என்னைக் கடக்கும்போது, "வரேங்க்கா," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வலியாலா வெட்கத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை.

வங்காளப் பொத்தானையும் சோதித்து, பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். டோபி காட் நிலையத்தில் மாறி ரயிலில் உட்கார்ந்தபோது, அந்த அறையில் அவர் பேசியதை ஒவ்வொரு வாக்கியமாக நினைத்துப் பார்த்தேன். ஈசூன் நிலையம் வந்தபோதுதான் அந்த 'ஒண்ணுமே தெரியல' எனக்குப் புரிந்தது. சொல்லத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே, தானாகவே சொல்லியிருக்கிறார். அதை நான் டாக்டரிடம் வேறொன்றாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அழுகையெல்லாம் வரவில்லை. உட்லண்ட்ஸில் இறங்கி, காப்பிக் கடையில் ஒரு தே ஓ, பாலில்லாத தேநீர், குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போன் செய்து டாக்டரிடம் அதைச் சொன்னேன். பதினேழாம் எண்ணிடம் நோயாளியே அதைத் திரும்பச் சொல்லிவிட்டார் என்றும், முந்தைய நாள் இரவே அறுவை முடிந்துவிட்டது என்றும் சொன்னார். கூப்பிட்டதற்கு நன்றி என்றார்.

வேலை அறிக்கையில், பெயர் வெளியாவதற்கு முன்பே நான் அதைக் கேட்டதால் இணைப்பு ஐம்பது நிமிடம் தாமதமானது என்று எழுதினேன். முதலாளி அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"இத எதுக்கு எழுதின? கஸ்டமர் கேட்டாங்களா?"

"கேக்கல. நடந்தது அதான்."

"'டிஎன்எஸ் டிலே'ன்னு போட்டா போதும் லா."

அறிக்கையை அவரே மாற்றிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்குமான வேலைக் குறிப்பில், எதிர்த்தரப்பிலிருந்து வெளியிட்டாயிற்று என்று வாய்மொழியாகக் கேட்கும் வரை பெயரைத் தொடக் கூடாது என்று முதல் வரியாகச் சேர்த்தேன். அதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, பழுதான ஒரு மேசைப் போனை மாற்ற மறுபடியும் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். அந்த அறந்தாங்கிக்காரர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கைகாட்டினேன்.

"சாப்ட்டீங்களாக்கா?"

"ஆச்சு தம்பி. எப்படி இருக்கீங்க?"

"பரவால்லக்கா. மத்ததெல்லாம் சரியாயிருச்சு. இடது பாதம் மட்டும் இன்னும் இழுக்குது. அடுத்த மாசம் ஊருக்கு அனுப்பறாங்க." கொஞ்ச நேரம் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னிக்கி போன்ல பேசுனாரே, அவரு யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது. நம்பர் மட்டும்தான். பதினேழு."

"அவருகிட்ட ஒரு வார்த்தை பேசணும். நீங்க அந்தப் போனைப் போட்டுத் தர முடியுமா?"

டாக்டர் அறையில் இருக்கும்போது மட்டும்தான் அந்த லைனைப் பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய விதி. அதைச் சொன்னேன்.

"இப்ப டாக்டர் கூப்பிடுவாருல்ல? அப்ப அவரே வருவாரா?"

"யாரு ஃப்ரீயா இருக்காங்களோ அவங்கதான் எடுப்பாங்க தம்பி. அவரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

சரி என்றார். நான் சென்னைக்காரத் தொழில்நுட்பக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதினேழாம் எண்ணிடம் யாராவது சொல்ல முடிந்தால், முதுகுவலிக்கார நோயாளி நன்றி சொன்னார் என்று சொல்லவும். பார்க்கிறேன் மேடம் என்று பதில் வந்தது. சொன்னாரா என்று நான் பிறகு கேட்கவில்லை.

என் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் கிளம்பும்போது அவர் இன்னும் முறைக்காகக் காத்திருந்தார். அடுத்த நாள் வேறு ஒரு விஷயமாக வரவேற்புப் பெண்மணியோடு பேசும்போது அவரைப் பற்றிக் கேட்டேன். அன்று அழைப்பை எடுத்தது ஒரு பெண்ணாம். வேண்டுமானால் ஆண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்கலாம் என்று டாக்டர் சைகையால் காட்டினாராம். நோயாளி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அந்தப் பெண்ணிடமே பேசினாராம். கதவு இருபது நிமிடம் சாத்தியே இருந்ததாம்.